பழைய மெனு கார்டுகளைச் சேகரிப்பவர்கள் அவற்றில் என்ன பார்க்கிறார்கள்?

"பழைய உணவகங்களின் மெனு கார்டுகளைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள், ஏலத்தில் பெரும் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். சாப்பாட்டுப் பட்டியலில் அப்படி என்ன கலை இருக்கிறது? நானும் சேகரிக்கத் தொடங்கினால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?" இதுதான் கேள்வி.

முதல் பாதிக்குச் சுருக்கமான பதில்: கலை இருக்கிறது, சந்தேகமே வேண்டாம். ஆனால் அட்டைப் படத்தை மட்டும் பார்த்து மெனு வாங்குகிறவர் பாதிப் பொருளைத்தான் வாங்குகிறார். ஓவியரின் கை, அச்சுக்காரரின் திறமை, சமையற்கட்டின் கணக்கு, அன்றைய சந்தை விலை எல்லாம் அந்த ஒரே தாளில் கூடியிருக்கின்றன. சாப்பிட வந்தவர் கையில் சில நிமிடம் இருந்துவிட்டு, சில நாளில் குப்பைக்குப் போக வேண்டிய தாள் அது. அதற்குப் போய் இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்களே என்பதுதான் என்னை முதலில் இழுத்தது. இன்றைக்கும் ஒரு நல்ல மெனுவைக் கையில் எடுத்தால் அதே எண்ணம்தான் வருகிறது.

மெனு கார்டு அவ்வளவு பழைய பொருள் இல்லை. ஐரோப்பியப் பெருவிருந்துகளில் வெகுகாலம் பல உணவுகளை ஒரே நேரத்தில் மேசை நிறையப் பரப்பி வைப்பதுதான் வழக்கம். கண்ணெதிரே இருப்பதற்குப் பட்டியல் எதற்கு? 19-ஆம் நூற்றாண்டில் இது மெல்ல மாறியது. சமையற்கட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பரிமாறும் ரஷ்யப் பாணியை 1810 வாக்கில் ரஷ்யத் தூதர் குராக்கின் பாரிஸில் அறிமுகப்படுத்தினார் என்பார்கள். அடுத்து என்ன வரப்போகிறது, எதற்காக வயிற்றில் இடம் வைக்கலாம் என்று விருந்தினருக்குத் தெரிய வேண்டும் அல்லவா? தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அட்டை வந்து உட்கார்ந்தது. அதே பாரிஸில் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்தே உணவகங்கள் தோன்றிப் பெருகிக்கொண்டிருந்தன. வருகிறவர்களுக்குத் தனித்தனி மேசை, வேண்டியதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடும் வசதி, அதற்கு விலையோடு கூடிய பட்டியல். அந்தக் காலத்துப் பட்டியல்களைப் பார்த்தால் அசந்துபோவீர்கள். பெரிய தாள், நெருக்கமான பத்திகள், பொடி எழுத்து, நூற்றுக்கும் மேற்பட்ட உணவுகள். படம் என்று ஒன்றும் இருக்காது.

ஆக, மெனுவுக்கு இரண்டு மூதாதைகள். விருந்து அட்டை அழகானது, விலை இல்லாதது. உணவகப் பட்டியல் விலை உள்ளது, அழகைப் பற்றிக் கவலைப்படாதது. பின்னால் வந்த நல்ல மெனுக்கள் எல்லாவற்றிலும் இரண்டின் சாயலும் தெரியும்.

அழகு பொங்கி வழிந்தது 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில். வண்ண லித்தோகிராஃப் அச்சு மலிவாகிப் பரவிய காலம் அது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல்லில் படம் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பிசகாமல் அச்சிடுவார்கள். பத்து நிறம் வேண்டுமென்றால் பத்துக் கல். அதற்கு மேல் தங்கத்தூள், எழும்பி நிற்கும் எம்போஸ் வேலை, விசிறி வடிவிலும் மீன் வடிவிலும் வெட்டிய அட்டை, பட்டு நாடா, குஞ்சம். சில பெருவிருந்துகளுக்குப் பட்டுத்துணியிலேயே மெனு அச்சிட்டார்கள். ஒரே ஒரு இரவு நடக்கும் விருந்துக்கு!

பெயர்பெற்ற ஓவியர்களும் இதில் கைவைத்திருக்கிறார்கள். துலூஸ் லோத்ரெக் நன்றாகச் சமைக்கக்கூடியவர். நண்பர்களுக்கு விருந்து வைக்கும்போது மெனுவைத் தானே வரைந்துவிடுவார். 1900 வாக்கில் தஹீதியில் இருந்த கொகேன், ஒரு விருந்துக்கு வந்தவர்களுக்காக மெனுக்களைக் கையாலேயே வரைந்து எழுதினார். பார்சிலோனாவில் 1897-இல் திறந்த எல்ஸ் குவாத்ரே காத்ஸ் என்ற கலைஞர் கூடும் உணவகத்துக்கு மெனு அட்டை வரைந்தவர், இன்னும் பெயரெடுக்காத இளைஞரான பிக்காசோ. அவருடைய முதல் தனிக் கண்காட்சி 1900-இல் நடந்ததும் அதே உணவகத்தில்தான்.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தவை அல்போன்ஸ் மூஹா மொயெ அண்ட் ஷாந்தோன் ஷாம்பெயின் நிறுவனத்துக்காக 1899 வாக்கில் செய்து கொடுத்த மெனு அட்டைகள். ஓரத்தில் ஒரு பெண் உருவம், சுற்றிலும் கொடியும் பூவும், எஞ்சிய இடம் வெறுமை. விருந்து வைப்பவர் அன்றைய உணவுகளைத் தன் கையால் எழுதிக்கொள்வதற்கான இடம் அது. நிறுவனங்கள் விளம்பரத்துக்காக இப்படிப்பட்ட வெற்று மெனு அட்டைகளை நிறைய வெளியிட்டன. ஓவியர் தன் படத்தை வரையும்போதே, முன்பின் தெரியாத ஒருவரின் கையெழுத்துக்கும் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார். அந்த இடம் நிரம்பிய அட்டையும் நிரம்பாத அட்டையும் ஒரே விலைக்குக் கிடைத்தால் நான் நிரம்பியதைத்தான் எடுப்பேன். பலர் வெற்றட்டையைத்தான் சுத்தமான பிரதி என்று தேடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எழுதிய பிறகுதான் அந்த அட்டை முழுமை அடைகிறது.

சரி, பெயர்பெற்றவர்களை விட்டுவிடுவோம். மெனு உலகின் பெரும்பகுதி பெயர் தெரியாத அச்சக ஓவியர்களின் வேலை. ஓர் உணவகம் தொப்பி வடிவக் கட்டடத்தில் இருந்தால் மெனுவும் தொப்பி வடிவத்தில் வெட்டப்பட்டிருக்கும். அமெரிக்காவின் நார்தர்ன் பசிபிக் ரயில்வே 1909-இலிருந்து தன் உணவுப் பெட்டிகளில் பிரம்மாண்டமான சுட்ட உருளைக்கிழங்கைப் பரிமாறிப் பெயர் வாங்கியது. அதற்காக உருளைக்கிழங்கு வடிவத்திலேயே அட்டைகள் அடித்தார்கள். இன்னொரு ரயில் நிறுவனமான கிரேட் நார்தர்ன், வினோல்ட் ரைஸ் என்ற ஓவியர் வரைந்த பிளாக்ஃபீட் பழங்குடியினரின் உருவப்படங்களை நாட்காட்டியிலும் மெனுவிலும் அச்சிட்டது. 1960-இல் நியூயார்க்கில் திறந்த லா ஃபோந்தா தெல் சோல் உணவகத்துக்கு அலெக்சாண்டர் ஜிரார்ட் வடிவமைத்தவற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். மெனுவிலிருந்து தீப்பெட்டி வரை எங்கும் விதவிதமான சூரிய முகங்கள். ஒரு முழு உணவகத்தையே ஒரு கை வரைந்திருப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் அதுதான் உதாரணம்.

கப்பல் மெனுக்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் மெனுக்கள் ஏன் பிழைத்தன என்பதே அங்கேதான் புரிகிறது. கலிஃபோர்னியாவிலிருந்து ஹவாய்க்குப் பயணிகள் கப்பல் விட்ட மேட்சன் நிறுவனம், 1938-இல் யூஜீன் சாவேஜ் என்ற சுவரோவியரிடம் ஹவாயின் வரலாற்றையும் விழாக்களையும் வைத்து ஆறு பெரிய ஓவியங்கள் கேட்டது. அவர் 1940-இல் முடித்துக் கொடுத்தார். அதற்குள் போர் நெருங்கிவிட்டது. கப்பல்கள் படைவீரர்களை ஏற்றிச்செல்லப் போய்விட்டன, ஓவியங்கள் கிடங்குக்குப் போயின. 1948-இல் லர்லைன் கப்பல் மறுபடி பயணிகளோடு புறப்பட்டபோது அந்த ஆறு ஓவியங்களும் மெனு அட்டைகளாக அச்சாகி வந்தன. பயணிகள் ஊருக்கு எடுத்துச்செல்லட்டும் என்றே கொடுத்தார்கள். பலர் அவற்றைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினார்கள். சுவருக்கென்று வரைந்தது மேசைக்கு வந்து, மேசையிலிருந்து ஆயிரக்கணக்கான வீட்டுச் சுவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அதனால்தான் மேட்சன் மெனுக்கள் இன்றும் ஓரளவு எளிதாகக் கிடைக்கின்றன.

இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. அழகாக இருந்ததால்தான் மெனு பிழைத்தது. பிழைத்ததால்தான் உள்ளே இருக்கும் பட்டியலும் நமக்குக் கிடைத்தது. ஹவாயின் கடல் மீன்களைப் பற்றி 2013-இல் ஓர் ஆய்வு வெளியானது. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கே எந்த மீன் எவ்வளவு பிடிபட்டது என்பதற்கு அரசுப் பதிவுகளில் பெரிய இடைவெளி இருந்தது. அதை நிரப்ப ஆய்வாளர்கள் தேடிப்போனது பழைய மெனுக்களை. 1928 முதல் 1974 வரையிலான 376 மெனுக்கள், 154 உணவகங்கள். 1940-க்கு முன்னால் கரையோர மீன்களும் பவளப்பாறை மீன்களும் பட்டியலில் சாதாரணமாக இருந்திருக்கின்றன. பிறகு அவை மறைந்து, சூரை போன்ற ஆழ்கடல் மீன்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. அந்த மெனுக்களில் பல, அட்டைப் படத்துக்காகச் சுற்றுலாப் பயணிகள் பத்திரப்படுத்தியவை, சேகரிப்பாளர்கள் வைத்திருந்தவை. படத்துக்காக வைத்திருந்த தாள் கடலின் கணக்கைச் சொன்னது. 2022-இல் கனடாவின் வான்கூவர் பகுதியிலும் இதே வழியில் ஓர் ஆய்வு நடந்தது. 1880 வரை பின்னோக்கிப் போய் மெனுக்களைத் திரட்டி, கடல் சூடாகச் சூடாக வெதுவெதுப்பான நீரில் வாழும் இனங்கள் உணவகப் பட்டியலில் கூடியிருப்பதைக் காட்டினார்கள்.

அமெரிக்காவின் 19-ஆம் நூற்றாண்டு மெனுக்களைத் திறந்தால் பச்சை ஆமை சூப், சதுப்பு நில ஆமை, கேன்வாஸ்பேக் என்ற காட்டு வாத்து எல்லாம் வரிசையாக வரும். சிலவற்றில் பயணிப் புறாவும் இருக்கும். கோடிக்கணக்கில் வானத்தை மறைத்துப் பறந்த பறவை. அதன் இனத்தின் கடைசி உயிர் 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக்காட்சிச் சாலையில் செத்தது. அதே மெனுக்களில் செலரித் தண்டுக்குப் பட்டியலில் தனியாக ஒரு வரி ஒதுக்கி, பெருமையோடு விலை போட்டிருப்பார்கள். அப்போது அது வளர்க்கக் கடினமான, வசதியானவர்கள் சாப்பிடும் பொருள். கண்ணாடிக் குவளையில் பூங்கொத்தாக மேசையில் நிறுத்தி வைப்பார்கள்.

இதையெல்லாம் நாம் படிக்க முடிவதற்கு ஒரு பெண்மணிக்கு நன்றி சொல்ல வேண்டும். பிராங்க் இ. பட்டால்ஃப் என்று பெயர். 1899-இல் நியூயார்க் பொது நூலகத்துக்குத் தன் மெனுக்களைக் கொடுப்பதாகச் சொல்லி, நூலகத்தின் பேரில் மேலும் திரட்டத் தொடங்கினார். உணவகம், ஹோட்டல், கப்பல் நிறுவனம், சங்க விருந்து என்று ஒன்று விடாமல் கடிதம் எழுதுவார். ஹோட்டல் தொழில் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுப்பார். கறைபட்ட அட்டை வந்தால் ஏற்க மாட்டார், நல்ல பிரதி அனுப்பச் சொல்லிக் கேட்பார். 1924-இல் அவர் இறந்தபோது சுமார் 25,000 மெனுக்கள் சேர்ந்திருந்தன. இன்று அந்த நூலகத் தொகுப்பு 45,000-ஐ ஒட்டி இருக்கிறது. பட்டியலில் உள்ள சாப்பாட்டில் அவருக்கு ஆர்வமே இல்லை, அவற்றின் வரலாற்று மதிப்புதான் எல்லாம் என்று 1906-இல் ஒரு செய்தித்தாள் எழுதியது. அவர் செய்த ஒரே ஒரு காரியம் சேகரிப்பாளர்களுக்கு வயிற்றெரிச்சல்: பல அட்டைகளின் முகப்பிலேயே நீல நிறத்தில் தன் பெயர் கொண்ட நீள்வட்ட முத்திரையைக் குத்திவிட்டார். எனக்கு அந்த முத்திரையின் மேல் கோபம் இல்லை. அவர் இல்லாவிட்டால் அந்த அட்டைகளும் இருந்திருக்காது.

2011-இல் அந்த நூலகம் மெனுக்களை இணையத்தில் ஏற்றி, அவற்றில் உள்ள உணவுகளைப் பொதுமக்களே படித்துத் தட்டச்சு செய்யும் திட்டத்தைத் தொடங்கியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட உணவு வரிகள் பதிவாகியுள்ளன. புதிதாகத் தொடங்குபவர் ஒரு பைசா செலவழிப்பதற்கு முன் அங்கே சில மாலைகளைக் கழிக்க வேண்டும். எந்தக் காலத்து மெனு எப்படி இருக்கும் என்று கண் பழக அதைவிட நல்ல வழி இல்லை.

உணவைத் தவிர வேறு விஷயங்களும் மெனுவுக்குள் இருக்கின்றன. 1870-இல் பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டிருந்தபோது, வுவாஸான் உணவகம் கிறிஸ்துமஸ் நாளன்று கொடுத்த மெனுவில் முற்றுகையின் 99-ஆம் நாள் என்று போட்டிருந்தது. யானை சூப், வறுத்த ஒட்டகம், எலிகள் சூழப் பூனை. விலங்குக்காட்சிச் சாலை விலங்குகளை விற்றுவிட்ட நேரம் அது. அந்த நெருக்கடியிலும் பட்டியலின் நடையில் ஒரு பிசிறு இல்லை. நல்ல ஒயின்களையும் முறையாக வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். ஒரு நகரம் மானத்தை எப்படிக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தது என்பதற்கு இதைவிட நேரடியான சான்றை நான் பார்த்ததில்லை.

இன்னொரு வகை மெனு எனக்குப் படிக்கும்போதெல்லாம் எரிச்சலைத் தரும், ஆனாலும் விடாமல் தேடுவேன். பெரிய உணவகங்கள் சிலவற்றில் ஆணுக்கு விலை போட்ட மெனுவும், கூட வந்த பெண்ணுக்கு விலை இல்லாத மெனுவும் கொடுப்பார்கள். அட்டை, எழுத்து, உணவு எல்லாம் அச்சு அசலாக ஒன்றே. விலைப் பத்தி மட்டும் இருக்காது. 1980-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஓர் உணவகத்தின் மேல் இதற்காக வழக்கே போட்டார்கள். இந்த இரண்டும் ஜோடியாகக் கிடைப்பது அரிது. கிடைத்தால் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள், விளக்கமே தேவைப்படாது.

இனி வாங்குவது பற்றி. பெரும்பாலான மெனுக்களில் ஆண்டு போட்டிருக்காது. ஆண்டைக் கண்டுபிடிப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் பெரிய சுகம் என்பேன். பணத்தைப் பாருங்கள்: பிரிட்டிஷ் மெனுவில் ஷில்லிங்கும் பழைய பென்ஸும் இருந்தால் 1971 பிப்ரவரி 15-க்கு முந்தியது, பிரெஞ்சு மெனுவில் ஒரு சாதாரணச் சாப்பாடு நூற்றுக்கணக்கான பிராங்க் என்றால் 1960-இல் புதிய பிராங்க் வருவதற்கு முந்தியதாக இருக்கலாம். அமெரிக்க முகவரியில் ஐந்து இலக்க அஞ்சல் எண் இருந்தால் 1963-க்குப் பிறகு. ஊர்ப் பெயரை அடுத்து ஒன்றிரண்டு இலக்கம் மட்டும் இருந்தால் 1943-க்கும் 1963-க்கும் நடுவில். மதுவே இல்லாத ஆடம்பர அமெரிக்க மெனு என்றால் மதுவிலக்கு நடப்பில் இருந்த 1920 முதல் 1933 வரையிலான காலத்தை முதலில் யோசிக்கலாம். எல்லாவற்றிலும் நல்ல அடையாளம் அமெரிக்க மெனுக்களில் வரும் இரண்டாம் உலகப் போர்க்கால விலைக் கட்டுப்பாட்டு வாசகம். "எங்கள் உச்ச விலை 1943 ஏப்ரல் 4 முதல் 10 வரையிலான வாரத்தின் விலையை ஒட்டியது" என்ற பொருளில் சின்ன எழுத்தில் ஒரு வாசகம் இருந்தால், அந்தத் தாளின் காலத்தைச் சில ஆண்டுகளுக்குள் அடக்கிவிடலாம். சில சமயம் அதை ரப்பர் முத்திரையாகக் குத்தியிருப்பார்கள், பழைய விலையைப் பேனாவால் அடித்துத் திருத்தியிருப்பார்கள். அப்படிப்பட்ட தாளைக் கறை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

போலிகள் உண்டு, மறு அச்சுகள் அதைவிட அதிகம். நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று வாங்கிவிடுங்கள். பழைய வண்ண லித்தோகிராஃபில் புள்ளிகள் ஓவியரின் கைப்படி ஒழுங்கில்லாமல் தெரியும். பிற்கால ஆஃப்செட் இயந்திர அச்சில் நாலு நிறப் புள்ளிகள் வரிசை தவறாமல் பூப்போல அடுக்கியிருக்கும். இங்க்ஜெட் என்றால் மை தெளித்த மாதிரி. எழுத்துக் கோத்து அச்சிட்ட தாளில் எழுத்து காகிதத்துக்குள் லேசாக அழுந்தியிருக்கும், பின்புறம் விரலால் தடவினால் தெரியும். புற ஊதா டார்ச் ஒன்றும் உதவும்: காகிதத்தைப் பளிச்சென்று காட்டும் ரசாயனங்கள் 1950-ஐ ஒட்டித்தான் பரவலாக வந்தன. 1900 என்று சொல்லி விற்கும் தாள் அந்த வெளிச்சத்தில் நீல வெள்ளையாக ஒளிர்ந்தால் வாங்காமல் திரும்பிவிடலாம்.

கருவிகளைவிட முக்கியமானது சந்தேகப்படும் பழக்கம். நியூயார்க்கின் டெல்மோனிகோஸ் உணவகத்துடையது, 1834-ஐச் சேர்ந்தது என்று ஒரு மெனு வெகுகாலம் புத்தகங்களில் சுற்றிவந்தது. அதில் ஹாம்பர்கர் ஸ்டேக் 10 சென்ட், முழுச் சாப்பாடு 12 சென்ட். ஹாம்பர்கரின் பிறப்புச் சான்றிதழாகவே அதைக் காட்டினார்கள். பிறகு ஆய்வாளர்கள் தாளின் அடியில் இருந்த அச்சகத்தின் பெயரைத் தேடிப்போனார்கள்; 1834-இல் அந்த அச்சகமே இயங்கவில்லை. உண்மையான டெல்மோனிகோஸ் மெனு 1838-ஐச் சேர்ந்தது. பதினொரு பக்கம், பிரெஞ்சும் ஆங்கிலமும் அக்கம்பக்கமாக. இரண்டையும் படித்துப் பார்த்தால் 12 சென்ட் சாப்பாட்டுக் கடையும் அந்த ஆடம்பர உணவகமும் ஒன்றாக இருக்க முடியாது என்று அச்சகத்தைத் தேடாமலே தோன்றியிருக்க வேண்டும். உள்ளே படிக்கச் சொல்வது இதற்காகவும்தான்.

விலையைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. டைட்டானிக் மெனுக்கள் வேறு உலகம். 1912 ஏப்ரல் 14 அன்றைய முதல் வகுப்பு மதிய உணவு மெனு ஒன்று 2015-இல் 88,000 டாலருக்குப் போனது. ஏப்ரல் 11 இரவு உணவு மெனு, தண்ணீரில் நனைந்து எழுத்து மங்கியிருந்தும், 2023-இல் 83,000 பவுண்டுக்குப் போனது. அங்கே விலை போவது மெனு இல்லை, அந்தக் கப்பலின் கதை. சாதாரண மெனுக்களில் பெரும்பகுதி ஒரு நல்ல சாப்பாட்டின் விலைக்குள்ளேயே கிடைக்கும். நாளைக்கு விலை ஏறும் என்ற கணக்கோடு இதில் இறங்க வேண்டாம். அழகான பழைய மெனுக்களைப் பலர் பத்திரப்படுத்தியிருப்பதால் நிறையப் பிரதிகள் திடீரென்று சந்தைக்கு வந்துவிடும்.

எதைத் தேடுவது? என் யோசனை, வரம்பு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். கப்பல், ரயில், ஒரே ஓவியர், ஒரே பத்தாண்டு, ஏதாவது ஒன்று. அந்த வரம்புக்குள் ஆடம்பர அட்டைகளோடு மலிவான உணவகங்களின் அன்றாடத் தாள்களையும் தேடுங்கள். தட்டச்சு செய்து ஊதா மையில் நகலெடுத்து, அன்று ஒரு நாளைக்கு மட்டும் மெனுவில் சொருகிய தாள்கள் அவை. அவற்றை எடுத்துவைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே பெயர்பெற்ற ஓவியரின் அட்டையைவிட, தெருமுனை உணவகத்தின் ஒரு செவ்வாய்க்கிழமைத் தாள் அரிதாக இருப்பது உண்டு. அதற்கு அட்டைப் படம் இல்லாமல் இருக்கலாம். எழுத்துகளை அடுக்கியிருக்கும் விதம், கடைசி நேரத்தில் தீர்ந்துபோன உணவின் மேல் இழுத்த பென்சில் கோடு, பரிமாறுபவர் ஓரத்தில் போட்ட கூட்டல், இவற்றிலும் பார்க்கக் கண் இருந்தால் அழகு இருக்கிறது.

பாதுகாப்பில் மட்டும் அலட்சியம் கூடாது. லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. செலோடேப் வேண்டாம், ரப்பர் பேண்ட் வேண்டாம், துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின் இருந்தால் பொறுமையாக நிமிர்த்தி எடுத்துவிடுங்கள். பி.வி.சி. உறைகள் நாளடைவில் ரசாயனத்தைக் கசியவிட்டு மையோடு ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறை வாங்குங்கள், பின்னால் அமிலமற்ற அட்டை வையுங்கள். படுக்கை வசமாக, ஈரமில்லாத, ரொம்பச் சூடாகாத இடத்தில் வைத்தால் போதும். மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வெயில் படாத சுவர், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி, அதுவும் சில மாதங்களுக்கு ஒருமுறை வேறொன்றை மாற்றி மாட்டுவது நல்லது. ஊதா மைத் தாள்களை வெளிச்சத்தில் மாட்டவே கூடாது, எழுத்து கண்முன்னாலேயே வெளுத்துப்போகும். இன்னொரு யோசனை: சட்டம் போடும்போது உள்பக்கத்தின் நல்ல ஒளிநகல் ஒன்றை எடுத்துச் சட்டத்தின் பின்னால் உறையில் போட்டுவிடுங்கள். அட்டையைப் பார்த்து ஆசைப்பட்டவர் உள்ளே என்ன சாப்பாடு என்று கட்டாயம் கேட்பார்.

நூலக முத்திரையோ பதிவு எண்ணோ உள்ள மெனு விற்பனைக்கு வந்தால், அந்த நூலகம் முறைப்படி கழித்ததுதானா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பணம் கொடுக்காதீர்கள். வாங்கும் ஒவ்வொன்றுக்கும் எங்கே, எப்போது, யாரிடமிருந்து வந்தது, எந்த அடையாளத்தை வைத்து ஆண்டைக் கணித்தீர்கள் என்பதை ஒரு தனிச் சீட்டில் பென்சிலால் எழுதி உறைக்குள் வையுங்கள். மெனுவின் மேல் எழுத வேண்டாம். அப்படி எழுதியிருப்பவர் அங்கே சாப்பிட்ட ஒருவர் என்றால் மட்டும் கதை வேறு: "அம்மாவின் பிறந்தநாள், மழை" என்று ஓரத்தில் யாரோ கிறுக்கிய வரி இருக்கும் அட்டைக்கு நான் கூடுதல் விலை கொடுக்கவே தயார்.